முறிந்த இடமும் சேர்ந்த இடமும்

நாமக்கல்லில் முட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் வேலைக்கு அந்த முட்டைகள் உதவுவதில்லை. முட்டைப் பண்ணைகளில் சேவல் கிடையாது. கூண்டுகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் கோழிகள் இடுவது கரு இல்லாத முட்டை. குரோமோசோமைப் பார்ப்பதற்குப் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் உயிரணு வேண்டும். அதற்குக் கரு வளரும் முட்டை வேண்டும். எனவே காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குப் போவோம். செம்மேடு, சோளக்காடு பக்கத்து வீடுகளில் சேவலும் பெட்டையும் ஒன்றாக மேயும். அங்கே அடையில் இருக்கும் முட்டை எங்களுக்குப் பொன் மாதிரி.

பறவைகளின் குரோமோசோம்களை ஸ்லைடில் பரப்பி, எண்ணி, படம் பிடித்து, ஜோடி சேர்த்து அடுக்குவது என் தொழில். உயிரணு மரபியல் என்று அதற்குப் பெயர். மலட்டுத்தன்மைக்குக் காரணம் தேடவும், குறையுள்ள சேவலைப் பொலிக்கு வைக்காமல் விலக்கவும் இந்த வேலை பயன்படும். என் மனம் அதிகம் ஈடுபட்டது வேறொரு பயனில். எந்தப் பறவைக்கு எந்தப் பறவை உறவு, யார் எந்த வழியில் பிரிந்தார்கள் என்பதைக் குரோமோசோம்களை ஒப்பிட்டு அறியலாம். அதைச் செய்யும்போது கற்றுக்கொண்ட ஒன்றைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். குரோமோசோம்களின் எண்ணிக்கை உறவைச் சொல்லிவிடாது. அவை எங்கே முறிந்தன, எதனோடு சேர்ந்தன என்பதைப் பார்த்தால்தான் உறவு தெரியும்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். மலையிலிருந்து முட்டையைக் கீழே கொண்டு வருவதிலேயே கவனம் தொடங்குகிறது. கூடையில் உமி நிரப்பி, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்க வேண்டும். வளைவுகளில் குலுங்கி வந்த முட்டையை வந்ததும் இன்குபேட்டரில் வைக்கக் கூடாது. ஒரு நாள் அசையாமல் வைத்தால் காற்றறை நிலைப்படும். பிறகு 37.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைப்போம். நான்காம் அல்லது ஐந்தாம் நாள் விளக்கின் முன் பிடித்துப் பார்த்தால், ரத்தநாளங்கள் கிளைவிட்டிருப்பது ஓட்டுக்குள் தெரியும். கூமுட்டையைத் தள்ளிவிட்டுக் கரு பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அடுத்தது கால்சிசின். கண்வலிக் கிழங்கு என்றும் செங்காந்தள் என்றும் நாம் சொல்லும் செடியின் விதையில் இருக்கும் மருந்து இது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் இதைப் பந்தல் கட்டி வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் போகும் நுண்ணிழைகள் உண்டு. கால்சிசின் அந்த இழைகளை உருவாகவிடாது. உயிரணு பிரியத் தயாராகி அப்படியே நின்றுபோகும். குரோமோசோம்கள் நன்றாகச் சுருண்டு, தடித்து, தனித்தனியாகத் தெரியும் கட்டம் அதுதான். கருவின் மேல் சில சொட்டு விட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருப்போம்.

பிறகு திசுவைப் பிரித்து 0.56 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் போட வேண்டும். நீர் உள்ளே புகுந்து உயிரணு உப்பும். நெருங்கிக் கிடந்த குரோமோசோம்கள் விலகும். உப்பு குறைந்த கரைசலில் உயிரணுவை உப்பவைக்கும் இந்த வழியை 1952-ல் டி.சி. சூ வெளியிட்ட பிறகுதான் இந்தத் துறையே வேகம் பிடித்தது. அடுத்து, மூன்று பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த நிலைப்படுத்தும் திரவம். அதை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல் நீரை வடித்து, மறுபடி கலந்து, மறுபடி சுற்றி, கடைசியில் குளிர்ந்த ஈர ஸ்லைடின் மேல் சற்று உயரத்திலிருந்து சொட்டவிட வேண்டும். சித்திரை வெயிலில் ஸ்லைடு சட்டென்று காய்ந்துவிடுவதால் குரோமோசோம்கள் சரியாக விரியாது. ஐப்பசி ஈரத்தில் அழகாக விரியும். எங்கள் நல்ல ஸ்லைடுகளில் பெரும்பாலானவை மழை மாதங்களில் போட்டவைதான்.

உயிரோடு இருக்கும் பறவையில் பார்க்க வேண்டுமானால் முட்டையை உடைக்க வேண்டியதில்லை. முளைத்து வளர்ந்துகொண்டிருக்கும் இளம் இறகின் அடியில் ரத்தம் ஓடும் சோறு இருக்கும். அதிலேயே பிரியும் உயிரணுக்கள் நிறைய. ஓர் இறகு போதும். பறவைக்கு உயிர்ச்சேதம் இல்லை. ரத்தத்திலும் செய்யலாம், ஆனால் பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. நம் சிவப்பணுவில் அது கிடையாது. அதனால் வெள்ளையணுக்களைத் தனியே பிரித்தெடுப்பதில் கை பழக வேண்டும். வளர்க்கும் சூடும் வேறு. மனித ரத்தத்துக்குப் போதுமான 37 டிகிரி பறவைக்குப் போதாது. 39 முதல் 41 டிகிரி வரை வேண்டும், ஏனென்றால் பறவையின் உடல் சூடே அவ்வளவு.

ஜீம்சா சாயம் ஏற்றி, ஆயில் இம்மர்ஷன் லென்சில் கண் வைத்தால் முதலில் தெரிவது பெரிய குரோமோசோம்கள். கோழியின் முதலாவது ஜோடி நீளமானது, யாரும் அடையாளம் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். பத்து ஜோடிக்கு மேல் வெறும் புள்ளிகள். இவைதான் மைக்ரோ குரோமோசோம்கள். சாயத் துணுக்கா குரோமோசோமா என்று பிரித்தறிய நுண்ணோக்கியின் திருகை மெல்ல நகர்த்திப் பார்க்க வேண்டும். குரோமோசோம் மற்றவற்றோடு ஒரே தளத்தில் கூர்மையாகும். சாயத் துணுக்கு வேறு தளத்தில் மின்னும். ஒரே பறவையிலிருந்து பல உயிரணுக்களை எண்ணி, பெரும்பாலானவற்றில் ஒரே எண் வந்தால்தான் அதை எழுதுவோம். பழைய ஆய்வுகளில் பறவைகளின் எண்ணோடு ‘ஏறக்குறைய’ என்ற குறி சேர்ந்தே இருப்பதற்கு இந்தப் புள்ளிகளே காரணம்.

புள்ளிதானே என்று விட்டுவிட முடியாது. கோழியின் மொத்த டிஎன்ஏவில் ஏறக்குறைய கால் பங்குதான் மைக்ரோ குரோமோசோம்களில் இருக்கிறது. மரபணுக்களிலோ பாதிக்கு அருகில் அவற்றில் இருக்கின்றன. கண்ணுக்குச் சிறியதாகத் தெரிவது சரக்கில் அடர்த்தியானது.

அந்தக் காலத்தில் ஸ்லைடைப் படம் பிடித்து, இருட்டறையில் பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரிக்கோலால் வெட்டி, அளவு பார்த்து ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டுவோம். இன்று கேமராவும் மென்பொருளும் அதைச் செய்துவிடுகின்றன. ஆனால் கையால் வெட்டி ஒட்டிய தலைமுறைக்கு ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பு எங்கே இருக்கிறது, கை எவ்வளவு நீளம் என்பது மனப்பாடம்.

கோழிக்கு 78 என்பதை ஜப்பானியப் பறவையியலாளர் யோஷிமாரோ யமாஷினா 1944-லேயே எண்ணிச் சொன்னார். மனிதருக்கு 46 என்று ட்ஜியோவும் லெவானும் உறுதிசெய்தது 1956-ல். மனிதக் கணக்குக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே கோழிக் கணக்கு முடிந்திருந்தது. நம் நாட்டிலும் இந்த வேலை பழையதே. கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள், டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை 1945-ல் வெளியிட்டார். பறவைகளுக்குப் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் பெரிய களமாக இருந்தது. எஸ்.பி. ராய்-சௌத்ரியின் குழு பல பறவைகளின் குரோமோசோம்களை ஒப்பிட்டு 1969-ல் வெளியிட்ட கட்டுரை, எங்களைப் போன்றவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது.

யமாஷினா பதினேழு கோழி இனங்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் 78. சிவப்புக் காட்டுக்கோழிக்கும் 78. நம் மலைகளில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் 78. பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடைக்கும் அதே 78. ஈமுவுக்கு 80. கோழியும் ஈமுவும் பறவை இனத்தின் இரு கோடிகளில் இருப்பவை. இருந்தும் வித்தியாசம் ஒரே ஒரு ஜோடி. பறவைகளில் பெரும்பாலானவை 80-ஐ ஒட்டியே நிற்கின்றன. இந்த எண்ணை வைத்து யார் யாருக்குச் சொந்தம் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு விடை ஏட்டுச்சுவடியில் இருக்கிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிய பாடல்கள் உள்ள புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894-ல் பதிப்பித்தார். பல ஊர்களில் தேடிய ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதங்களைப் பார்த்தார். இரண்டு ஏடுகளில் ஒரு பாட்டு பிழையில்லாமல் இருந்தால் அதை வைத்து அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை என்று சொல்ல முடியாது. எல்லா ஏடுகளும் மூலத்தை அப்படியே வைத்திருக்கலாம். இரண்டு ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே சொல்லை ஒரே மாதிரி பிறழ எழுதியிருந்தால், அவற்றுக்குப் பொதுவான ஒரு முன்னேடு இருந்திருக்க வேண்டும். குரோமோசோமுக்கும் இதே விதிதான். 78-ம் 80-ம் மூலப் பாடம். ஆதிப் பறவையிடமிருந்து வந்ததை யார் வேண்டுமானாலும் மாற்றாமல் வைத்திருக்கலாம். ஒரே இடத்தில் முறிந்து, ஒரே துணையோடு சேர்ந்திருந்தால்தான் நெருங்கிய உறவுக்குச் சாட்சி.

மூலத்திலிருந்து விலகிய பறவைகளும் உண்டு. நம் வயல் வரப்புகளில் தரையைக் கொத்தித் திரியும் கொண்டலாத்திக்கு 126 குரோமோசோம்கள். பெரியவை பல துண்டுகளாக முறிந்திருக்கின்றன. கண்கிலேடி இனத்துக்கு 42. அங்கே மைக்ரோ குரோமோசோம்கள் ஒன்றோடொன்றும் பெரியவற்றோடும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் ஒரே ஊர்க் காட்டில் வாழ்ந்தாலும் குரோமோசோம் வரலாறு எதிரெதிர்த் திசை.

வேட்டையாடும் பறவைகளின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கழுகு, பருந்து, வல்லூறு ஒரு பக்கம். ராஜாளி இனம் மறுபக்கம். வளைந்த அலகு, கூர்நகம், இரை தேடும் பார்வை எல்லாம் ஒன்று போல் இருந்ததால் நீண்ட காலம் இவை ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருந்தன. குரோமோசோமை எண்ணினாலும் அந்த எண்ணம் வலுப்பட்டது. ராஜாளிக்கு 50, கழுகுக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு 66 முதல் 68 வரை. இரண்டுமே 80-லிருந்து கீழே இறங்கியவை. இரண்டிலும் மைக்ரோ குரோமோசோம்கள் மிகக் குறைவு. பார்த்தால் சொந்தம் என்றே தோன்றும்.

எப்படிக் குறைந்தன என்று பார்த்தபோது படம் மாறியது. கோழியின் ஒரு குரோமோசோமை மட்டும் தனியே பிரித்து, ஒளிரும் சாயம் ஏற்றி, இன்னொரு பறவையின் ஸ்லைடில் ஒட்டவைக்கலாம். அந்தப் பறவையில் அதே சரக்கு எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் ஒளிரும். குரோமோசோமுக்கு வண்ணம் பூசுவது என்று ஆய்வகத்தில் சொல்வோம். பாறுக் கழுகுகளில் இந்திரஜித் நந்தாவின் ஜெர்மன் குழு 2006-ல் இதைச் செய்தது. கோழியின் பெரிய குரோமோசோம்கள் பலவும் அங்கே துண்டு துண்டாக முறிந்து, வேறு வேறு துண்டுகளோடு சேர்ந்து நடுத்தர அளவில் கிடந்தன. ராஜாளி இனத்தில் 2008-ல் ஜப்பானியர் பார்த்தபோது, பெரிய குரோமோசோம்கள் பெரிதும் உருக்குலையாமல் இருந்தன. மைக்ரோக்கள் அவற்றோடு போய் ஒட்டியிருந்தன. எண் குறைந்தது இரண்டிலும். குறைந்த வழி இரண்டிலும் வேறு.

அதே 2008-ல் ஹாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் டிஎன்ஏ தொடர்களை ஒப்பிட்டு வெளியிட்ட உறவு மரத்தில் ராஜாளிக்கு நெருங்கிய சொந்தமாகக் கிளிகளும் பாடும் பறவைகளும் வந்தன. கழுகுகள் வேறு கிளையில் இருந்தன. 2014-ல் 48 பறவைகளின் முழு மரபணுத் தொகுதிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்விலும் அதே முடிவு. அலகையும் நகத்தையும் வைத்துச் சொன்னது பிழைத்தது. எண்ணிக்கையை வைத்துச் சொன்னதும் பிழைத்தது. முறிவும் சேர்க்கையும் சொன்னது நின்றது. கொல்லிமலை உச்சியில் கழுகும் ராஜாளியும் வட்டமிடுவதைப் பார்க்கும்போது, ராஜாளிக்கு உறவு கீழே கொய்யா மரத்தில் கத்தும் கிளி என்பதை மாணவர்களுக்குச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இனி மலையில் கேட்ட ஒரு கேள்வி. அரியூர்ப் பக்கத்தில் கோழி வளர்க்கும் ஒரு பெரியவர் தன் சேவலைக் காட்டிச் சொன்னார்: “சார், இது காட்டுச் சேவலுக்குப் பொறந்ததுங்க. எங்க பெட்டை ரெண்டு நாள் காட்டுக்குள்ள தங்கிட்டு வந்துச்சு. நீங்க மிஷின்ல பாத்துச் சொல்லுங்க, காட்டு ரத்தம் இருக்குதுங்களா இல்லீங்களா?” நான் சொன்னேன்: “ஐயா, நாங்க பார்க்கிற முறையில இதுக்குப் பதில் கிடைக்காதுங்க. வீட்டுக்கோழிக்கும் எழுபத்தெட்டு, காட்டுக்கோழிக்கும் எழுபத்தெட்டு. பக்கத்துல பக்கத்துல வெச்சாலும் ஒண்ணு போலவே இருக்கும்.” அவர் சற்றும் தயங்காமல் சொன்னார்: “காலப் பாருங்க சார், மஞ்சளா இருக்குது.”

அவர் சொன்ன மஞ்சள் கால் பெரிய விஷயம். வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்று டார்வின் 1868-ல் எழுதினார். அந்த முடிவின் அடிப்படை இன்றும் நிற்கிறது. 2020-ல் நூற்றுக்கணக்கான கோழிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியான்மர் பகுதியில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழித் துணையினத்தையே தாயாகக் காட்டியது. ஆனால் சிவப்புக் காட்டுக்கோழியின் கால் சாம்பல் நிறம். உலகெங்கும் பண்ணைகளில் இருக்கும் பல கோழிகளின் கால் மஞ்சள். ஸ்வீடனின் உப்சாலாவில் லெய்ஃப் ஆண்டர்சனின் குழு 2008-ல் இந்த முடிச்சை அவிழ்த்தது. தீவனத்தில் வரும் மஞ்சள் நிறமியைத் தோலில் உடைக்கும் ஒரு மரபணு, மஞ்சள் கால் கோழிகளின் தோலில் வேலை செய்வதில்லை. அந்த மாற்றத்தைத் தாங்கும் டிஎன்ஏ துண்டு சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்ததல்ல. சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது.

சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்துக்கே உரியது. தமிழ்நாட்டுக் காடுகளில் இயல்பாக வாழும் காட்டுக்கோழி இது ஒன்றுதான். சிவப்பு இனம் கோதாவரிக்கு வடக்கே. சேவலின் கழுத்து இறகு நுனியில் மெழுகு உருகி உறைந்தது போன்ற மஞ்சளும் வெள்ளையுமான பொட்டுகள் இருக்கும். என்றோ ஒரு நாள், தீபகற்பத்தில் எங்கோ, வீட்டுக்கோழிக்கும் இந்தக் காட்டுக்கோழிக்கும் ஏற்பட்ட சேர்க்கையின் மிச்சம்தான் இன்று நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெகார்னின் மஞ்சள் கால். அந்த மரபணு இருக்கும் இடம் கோழியின் 24-ஆம் குரோமோசோம். ஸ்லைடில் நாங்கள் புள்ளியாகப் பார்க்கும் மைக்ரோ குரோமோசோம்களில் ஒன்று அது. அடுத்த முறை மலைக்குப் போனபோது இதைப் பெரியவரிடம் சொன்னேன். உங்கள் ஒரு சேவலின் தகப்பன் யார் என்பதற்கு மஞ்சள் கால் மட்டும் சாட்சியாகாது, ஏனென்றால் பண்ணைக் கோழிக்கும் இன்று அதே கால்தான். ஆனால் மஞ்சள் கால் முதலில் வந்தது இந்தக் காட்டுப் பறவையிடமிருந்துதான் என்றேன்.

காட்டுக்கோழிக்கும் வீட்டுக்கோழிக்கும் கலப்பு நடந்தால் குஞ்சு பிழைக்குமா, அது மறுபடி குஞ்சு பொரிக்குமா என்பதும் குரோமோசோமோடு சேர்ந்த கேள்விதான். கூண்டில் வைத்துப் பார்த்தவர்கள் கலப்புக் குஞ்சுகளைப் பெற்றிருக்கிறார்கள். அவற்றில் சில இனம் பெருக்கவும் செய்தன. எண்ணும் அமைப்பும் ஒன்றாக இருப்பது இதற்குத் துணை. இனங்கள் கலக்கும்போது ஒரு பாலுக்கு மட்டும் மலட்டுத்தன்மையோ சாவோ வந்தால், அந்தப் பால் இருவேறு பால் குரோமோசோம்களைக் கொண்டதாக இருக்கும் என்று ஜே.பி.எஸ். ஹால்டேன் 1922-ல் சொன்னார். மனிதரில் அது ஆண். பறவைகளில் பெட்டை: சேவலுக்கு இரண்டு Z, பெட்டைக்கு ஒரு Z-உம் ஒரு W-உம். இந்த விதியை வகுத்த ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, புவனேஸ்வரில் 1964-ல் காலமானார்.

Z, W இரண்டும் பறவை வரலாற்றின் படிக்கட்டையே காட்டுகின்றன. கோழியின் W சிறியது. சாயத்தில் அடர்ந்து தெரியும். ஈரோடு, பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்ப்பு பரவியிருந்த காலத்தில் ஈமுவின் ஸ்லைடுகளைப் பார்க்க வாய்ப்பு வந்தது. அங்கே Z எது W எது என்று கண்ணால் பிரிக்கவே முடியவில்லை. ஈமு, நெருப்புக்கோழி வகைகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே வடிவம். ஈமுவில் ஆணையும் பெண்ணையும் தோற்றத்திலும் பிரிப்பது கடினம், குரோமோசோமிலும் கடினம். தொடக்கத்தில் ஒரே ஜோடியாக இருந்தவை, காலப்போக்கில் ஒன்று சரக்கிழந்து W ஆனது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடையாது.

பனாரஸில் ராய்-சௌத்ரியிடம் பயின்ற லால்ஜி சிங், 1970-களை ஒட்டி இதே படிக்கட்டைப் பாம்புகளில் கண்டார். மலைப்பாம்பில் பால் குரோமோசோம்கள் இரண்டும் ஒன்று போல் இருக்கும். கட்டுவிரியன், நல்ல பாம்பு வகைகளில் W வெகுவாக வேறுபட்டிருக்கும். பாம்பின் Z-உம் பறவையின் Z-உம் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று சுசுமு ஓனோ கருதியிருந்தார். 2000-களில் ஜப்பானில் செய்த ஒப்பீடு அதை மறுத்தது. பறவையின் Z-க்கு ஈடான பகுதி பாம்பின் 2-ஆம் குரோமோசோமில் இருந்தது. தோற்றம் ஒன்றாக இருந்தாலும் வந்த வழி வேறாக இருக்கலாம் என்ற பாடம் இங்கேயும் வந்து நிற்கிறது. லால்ஜி சிங் பிற்காலத்தில் ஹைதராபாத்தில் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் இயக்குநராக இருந்து, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான ஆய்வகத்தையும் உருவாக்கினார்.

வண்ணம் பூசும் முறையில் எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது 1999-ல் வெளியான ஒரு கட்டுரை. ஆஸ்திரேலியாவின் ஜெனிஃபர் கிரேவ்ஸ் குழுவினர் கோழியின் பெரிய குரோமோசோம்களை ஈமுவின் மேல் பூசினார்கள். ஒன்றாவது ஒன்றாவதிலும், இரண்டாவது இரண்டாவதிலும் ஒளிர்ந்தன. நான்காவது மட்டும் ஈமுவின் நான்காவதிலும் இன்னொரு சிறு ஜோடியிலும் ஒளிர்ந்தது. ஆதிப் பறவையில் தனித்தனியாக இருந்த இரண்டு, கோழியின் முன்னோர் வழியில் ஒட்டிக்கொண்டன என்பது இப்போது தெளிவு. கோடிக்கணக்கான ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த இரண்டு பறவைகளுக்குள் பெரிய வேறுபாடு அந்த ஒரு ஒட்டு. 2018-ல் இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் டேரன் கிரிஃபினும் ரெபெக்கா ஓகானரும் ஆமைகளையும் சேர்த்து ஒப்பிட்டு இன்னும் பின்னே போனார்கள். பறவைகளின் இந்தக் குரோமோசோம் அடுக்கு டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே பெரும்பாலும் அமைந்துவிட்டது என்பது அவர்கள் முடிவு. கொல்லிமலை அடைகோழியின் ஸ்லைடில் நாங்கள் எண்ணியது அந்த அடுக்கைத்தான்.

இப்போதெல்லாம் இளைஞர்கள் கேட்கிறார்கள், முழு மரபணுத் தொடரையே படிக்க முடியும்போது நுண்ணோக்கி எதற்கு என்று. கோழியின் மரபணு வரைவு 2004-ல் வெளியானபோது, மைக்ரோ குரோமோசோம்களில் சில அதில் இடம்பெறவே இல்லை. விடுபட்டவற்றையும் சேர்த்து முழுமையாக்க 2023 வரை ஆயிற்று. தொடரைப் படிக்கும் இயந்திரம் துண்டுகளைத் தருகிறது. எத்தனை குரோமோசோம் என்று முதலில் எண்ணித் தந்தவர்கள்தான் அந்தத் துண்டுகள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கு எல்லை வகுத்தார்கள். உலகில் ஏறக்குறைய பத்தாயிரம் பறவை இனங்கள். குரோமோசோம் எண்ணப்பட்டவை அவற்றில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அதிலும் பலவற்றில் மைக்ரோக்களின் எண்ணிக்கை உறுதியாகவில்லை.

காட்டுப் பறவையிடம் நாம் நினைத்தபடி இறகு பிடுங்க முடியாது, பிடுங்கவும் கூடாது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதற்கு அனுமதி கேட்கிறது. அந்தக் கட்டுப்பாடு நியாயமானது. ஆனால் காயம்பட்டு மீட்கப்படும் பறவைகளும், உயிரியல் பூங்காப் பறவைகளும், இறந்து கிடைப்பவையும் உண்டு. முறையான அனுமதியோடு அவற்றிலிருந்து கிடைக்கும் ஒரு துளி ரத்தத்தை, ஓர் இறகை உயிரணு வளர்ப்பாகப் பாதுகாத்து வைத்தால், பின்னால் வரும் பல தலைமுறை அதிலிருந்து படிக்கும். இதற்கான கை பழக்கம் நம் ஊர்களிலேயே இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இருக்கிறது. மாநிலத்தின் கால்நடைப் பல்கலைக்கழகம் 1989 முதல் இருக்கிறது. குளிர்ந்த ஸ்லைடில் சொட்டுவிடக் கற்ற கைகள் நம் மாணவர்களிடம் உண்டு.

வீட்டுக்கோழியைப் பொறுத்தவரை அவசரம் இன்னும் அதிகம். மலைக் கிராமங்களில் வெளியிலிருந்து வரும் கலப்பினக் குஞ்சுகள் பரவிக்கொண்டிருக்கின்றன. முட்டை கூடும் என்பது உண்மைதான். ஆனால் சிறுவிடை, பெருவிடை என்று நாம் பெயர் சொல்லி அழைக்கும் கோழிகளுக்குள்ளும், இன்னும் பெயரிடப்படாத மலைக்கோழிகளுக்குள்ளும் இருக்கும் பழைய துண்டுகள், கலந்து கரைந்துவிட்டால் திரும்ப வராது. 24-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குத் தாண்டி வந்து உலகம் முழுவதும் பரவியது. அது போல் இன்னும் எத்தனை துண்டுகள் இந்த மலைக்கோழிகளில் இருக்கின்றன என்பதைக் கலப்புக்கு முன்பே படித்துப் பதிவு செய்ய வேண்டும்.

எனவே இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். வளர்க்கிறவர்களின் வீட்டுக்குப் போங்கள்; அவர்கள் காலையும் கொண்டையையும் பார்த்துச் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு முட்டையோ ஓர் இறகோ கேட்டு வாங்குங்கள். பொறுமையாகப் பரப்பி, பல உயிரணுக்களை எண்ணி, உறுதியானதை மட்டும் எழுதுங்கள். பெரியதோடு நின்றுவிடாமல் சிறிய புள்ளிகளையும் பின்தொடருங்கள். எண் ஒத்துப்போனது என்பதற்காக உறவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த இடத்தில் முறிந்தது, எதனோடு சேர்ந்தது என்று கண்ட பிறகே உறவைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். அப்படி எழுதிய ஒரு வரி, அலகையும் நகத்தையும் வைத்துச் சொன்ன பழைய பட்டியல்களைத் திருத்தும். நம் மலையிலிருந்து அப்படிப்பட்ட வரிகள் இன்னும் நிறைய வர வேண்டும்.